ஆடாத ஒரு சீசன்

மணிலாவில் முதுகலை படித்தபோது, வாடகையில் கொஞ்சம் குறையும் என்பதற்காக ஒரு வேலையை ஒப்புக்கொண்டேன். விடுதிக்கார அம்மாவின் உறவுப் பையன் ஒருவனுக்குப் புள்ளியியல் சொல்லித்தர வேண்டும். செபு தீவுக்காரன், கூடைப்பந்து வீரன். கட்டிலுக்கு வெளியே காலை நீட்டித்தான் தூங்குவான். என்னைக் ‘குயா’ என்பான். அண்ணா என்று அர்த்தம்.

அது 2018. வேறொரு கல்லூரியிலிருந்து மாறி வந்திருந்தான். மணிலாவின் எட்டுப் பல்கலைக்கழகங்கள் மோதும் யுஏஏபி தொடரில், அப்படி மாறுகிறவர்கள் ஓராண்டு ஆடக் கூடாது. இதற்கு ‘ரெசிடென்சி’ என்று பெயர். தினமும் பயிற்சிக்குப் போகலாம், மேட்ச் அன்று மட்டும் ஜெர்சி கிடையாது. முன்பு நிலைமை இன்னும் மோசம். ஜூனியர் பிரிவில் இரண்டு முறை எம்விபி (தொடரின் சிறந்த வீரர்) ஆன ஜெரி பிங்கோய், எஃப்இயூ பல்கலைக்கழகத்தின் பள்ளியிலிருந்து அதெனெயோ பல்கலைக்கழகத்துக்கு மாறியதற்காக இரண்டு ஆண்டு காத்திருந்து 2015இல்தான் களமிறங்கினார். அதே ஆண்டு வந்த குடியரசுச் சட்டம் 10676, பள்ளி முடித்து வருகிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பை நீக்கியது. கல்லூரி மாறுகிறவர்களுக்கு ஓராண்டுக்கு மேல் கூடாது என்றது.

ஆரம்பத்தில் பந்தைவிடக் காகிதங்கள்தான் அதிகம் அலைக்கழித்தன. பழைய கல்லூரியிலிருந்து ‘ஹானரபிள் டிஸ்மிசல்’ வாங்கி வர வேண்டும் என்றான். ஏதோ தப்புச் செய்து துரத்திவிட்டார்களோ என்று பயந்துவிட்டேன். பார்த்தால் நம் ஊர் டிசிதான்! ஒரு ஜன்னலில் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை, அடுத்த ஜன்னலில் சாப்பாட்டு நேரம்.

அதன் பிறகு மார்க். அங்கே 1 முதல் தரம், 3 தேர்ச்சி, 5 ஃபெயில். ‘ட்ரெஸ்’, ‘சிங்கோ’ என்று ஸ்பானிய எண்ணிலேயே சொல்வார்கள். படிப்பில் கோட்டைவிட்டால் ஆட்டமும் போச்சு. அதெனெயோவின் நட்சத்திர வீரர் தர்டி ரவேனாவே படிப்பினால் 2015 சீசனை இழந்தவர். திரும்பி வந்து 2017, 2018, 2019 என்று மூன்று இறுதித் தொடர்களிலும் எம்விபி வாங்கினார். இந்தக் கதையை அவனிடம் அடிக்கடி அவிழ்த்துவிடுவேன். என்னைவிட அவனுக்கு அது நன்றாகத் தெரியும், பாவம், கேட்டுக்கொள்வான்.

விடியற்காலைப் பயிற்சி முடித்து, பண்டேசால் பன் பொட்டலத்தோடு வருவான். உட்கார்ந்த பத்தாவது நிமிடம் கண் சொக்கும். சூத்திரம் எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் கடுப்பில் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு வரி எழுதினேன். ஒருத்தன் மூன்று மேட்சில் 12, 11, 13 புள்ளி. இன்னொருத்தன் 30, 2, 4. இரண்டு பேருக்கும் சராசரி 12. கடைசி நிமிடத்தில் கோச் யாரை இறக்குவார்?

“முதல் ஆளை. ரெண்டாவது ஆள் என்னைக்கு ஆடுவான்னு அவனுக்கே தெரியாது.”

“சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுதுன்னு பாக்குறோம் இல்ல, அதுதான்டா திட்ட விலக்கம்.”

சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு பாடம் முழுக்க ஸ்கோர் ஷீட்டில்தான் நடந்தது.

டிசம்பரில் அதெனெயோவும் யூபியும் (பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம்) இறுதியில் மோதின. 1986க்குப் பிறகு யூபி இறுதிக்கு வந்தது அப்போதுதான். அதெனெயோ கோப்பையைத் தூக்கிய இரவு, விடுதி டிவி முன்னால் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தோம், இவனை மட்டும் காணோம். தெருமுனை பராங்காய் (வட்டாரப் பொது) கோர்ட்டில், ரப்பர் செருப்போடு, தனியாக ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட மனம் வராமல் திரும்பிவிட்டேன்.

புள்ளியியலில் 2.75 வாங்கினான். ட்ரெஸ்ஸைவிடக் கால் புள்ளி மேலே! விடுதிக்கார அம்மா அன்றைக்கு எனக்குத் தனியாக அடோபோ எடுத்துவைத்தார்.

அடுத்த சீசன் தொடங்கும்போது நான் ஊர் திரும்பியிருந்தேன். முதல் மேட்ச் முடிந்ததும் ஸ்டாட் ஷீட்டைப் படமெடுத்து அனுப்பினான். 4 நிமிடம், 0 புள்ளி, 2 ஃபவுல். கீழே ஒரு வரி:

“ஒரே ஒரு மேட்ச்தான் குயா. இதுக்குத் திட்ட விலக்கம் போட முடியாது, சரிதானே?”