டிராகன் இல்லாத லோகோ

"தம்பி, டிராகன் ஒண்ணு வைங்க. அப்பதான் ஜப்பான்னு தெரியும்."

கொடைக்கானலில் ஜப்பானிய உணவகம் திறக்கப்போகும் அண்ணன் இன்று சொன்னது. கூடவே ஃபூஜி மலை, சகுரா என்ற செர்ரிப் பூ, சாப்ஸ்டிக். லோகோவா, திருவிழா பேனரா?

போனில் சில கமோன்களைக் காட்டினேன். ஜப்பானியக் குடும்ப முத்திரைகள். பூவோ இலையோ, பெரும்பாலும் ஒரு வட்டத்துக்குள், ஒரே நிறத்தில். போர்க்களத்தில் எவர் கொடி என்று தூரத்திலிருந்தே தெரிய உதவியவை.

நம்ம ஊர் மூடுபனிக்கும் அதுதான் சரி. பனி இறங்கினால் மெல்லிய கோடெல்லாம் காணாமல் போய்விடும்.

அதனால் வட்டத்துக்குள் ஐந்து மடல் குறிஞ்சி. 12 வருஷத்துக்கு ஒருமுறை பூப்பதை தினமும் போர்டில் பார்க்கலாம் என்றதும் அண்ணனுக்கு ஏக சந்தோஷம். (டிராகனை மறந்தேபோனார்!)

அடுத்து, வாசலில் தொங்கவிடும் நோரென் திரை. கருநீலத் துணிதான். இந்தச் சாரலுக்கு எந்தச் சாயம் நிற்கும், யாருக்காவது தெரியுமா?