அவர் ஏன் நேரில் வந்தார்?

என்னிடம் பாடங்களிலிருந்து விலக வந்த அந்த மாணவர் நேரில் வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் ஆலோசகராக இருப்பது கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருஷப் பட்டம் தரும் அரசுக் கல்லூரியில். அங்கே ஒரு பாடத்திலிருந்து விலக யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. போனில் போர்ட்டலைத் திறந்து, பாடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது, நடு ராத்திரியில்கூடச் செய்யலாம். ஆனால் அவர் விலகுவதற்கான கடைசி நாளுக்கு முந்தின நாள், கிடங்கில் ஷிஃப்ட் முடிந்த கையோடு, அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் வந்து, ஆலோசனைப் பிரிவு வரிசையில் வெகு நேரம் காத்திருந்து என் முன்னால் உட்கார்ந்தார். எடுத்திருந்த இரண்டு பாடங்களையும் விட்டுவிட வேண்டும் என்றார். நான் கேட்காமலே போனில் கல்லூரியின் பாடத் தளமான கேன்வாஸைத் திறந்து தன் மதிப்பெண்ணைக் காட்டினார். புள்ளியியலில் சி, ஆங்கிலத்தில் பி.

"நீங்கள் பாஸ் ஆகிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?"

"தெரியும் மிஸ்."

இந்த இடத்தில்தான் நான் இன்னும் நிற்கிறேன். இதற்குப் பிறகு நான் சொன்ன எதிலும் தவறு கிடையாது. பதிவேட்டில் விலகியதைக் குறிக்கும் 'டபிள்யூ' விழும், சராசரி மதிப்பெண் குறையாது, ஆனால் எடுத்த பாடங்களில் எத்தனை முடித்தார் என்று நிதி உதவி அலுவலகம் பார்க்கும் கணக்கில் அது அடிபடும், மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே போனால் உதவித்தொகை நின்றுவிடும், மேல்முறையீடு செய்யலாம். எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

வழக்கமாக என் கையில் ஒரு பிடி இருக்கும். செமஸ்டரில் அறுபது சதவீதம் முடிவதற்குள் எல்லாப் பாடங்களையும் விட்டால் மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் உதவித்தொகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். "இன்னும் பத்து நாள் பொறுங்கள், இல்லாவிட்டால் கடனாகிவிடும்" என்று சொன்னால் பாதிப் பேர் பொறுப்பார்கள், பொறுத்தவர்களில் சிலர் அப்படியே செமஸ்டரையும் முடித்துவிடுவார்கள். இவர் அந்தத் தேதியைத் தாண்டித்தான் வந்திருந்தார். தெரிந்து வந்தாரா, தற்செயலா என்று தெரியாது. பயமுறுத்திப் பிடித்து வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, வேலையை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களா என்று கேட்டேன். சும்மா கேட்கவில்லை, அப்படி ஏதாவது இருந்து அதற்குச் சான்றும் இருந்தால் அதை வேறு வகை விலகலாகப் பதிவு செய்யலாம், கல்லூரி தன் மாணவர்களுக்கு வைத்திருக்கும் முன்னேற்றக் கணக்கில் அடிபடாது.

"அப்படி எதுவும் இல்லை மிஸ். களைப்பாக இருக்கிறது."

களைப்புக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

"அப்புறம் திரும்பி வரலாமா?" என்று கேட்டார். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றேன். அது உண்மைதான். கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்கள் பதினெட்டு வயது தாண்டிய யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, பாடத்தின் அளவைச் சொல்லும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர், அவரைப் போன்றவர்களுக்கு அதுவும் தள்ளுபடி. கதவு திறந்தே இருக்கும் என்று நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் போகிறேன் என்று சொல்ல வந்தவரிடம் கதவு திறந்திருக்கிறது என்பதை மட்டும் சொன்னால் அவர் காதில் அது எப்படி விழும் என்பதுதான் என் பிரச்சினை.

அவர் ஏற்கனவே ஒரு தடவை எங்கள் கல்லூரியை விட்டுப் போனவர். இருபது வயதுகளில் வந்தபோது ஒரு நுழைவுத் தேர்வை வைத்து அவரை அடிப்படைக் கணக்கு வகுப்பில் போட்டிருக்கிறார்கள். அதை முடித்து, தொடக்க இயற்கணிதம், அப்புறம் இடைநிலை இயற்கணிதம், அதையும் முடித்தால்தான் நான்கு வருஷப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும் முதல் கணிதப் பாடம். அந்தப் படிக்கட்டில் ஏறத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் மேலே வந்து சேரவே இல்லை. இதை மாற்றத்தான் 2017இல் கலிபோர்னியாவில் ஏபி 705 என்ற சட்டம் வந்தது. 2019 இலையுதிர் செமஸ்டருக்குள் எல்லாக் கல்லூரிகளும் உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து மாணவர்களை நேராக அந்த நிலைப் பாடத்தில் சேர்க்க வேண்டும், தேவைப்பட்டால் கூடவே ஒரு துணை வகுப்பு கொடுக்க வேண்டும் என்று ஆனது. எங்கள் கணிதத் துறையில் பலர் எதிர்த்தார்கள், மாணவர்கள் மூழ்கிவிடுவார்கள் என்றார்கள். நான் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று ஆதரித்துப் பேசியவள். பதினைந்து வருஷம் கழித்து திரும்பி வந்து, நேராகப் புள்ளியியலில் உட்கார்ந்து, சி வாங்கிக்கொண்டிருந்தார் இவர். எதிர்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேடிய பதில் இவர்தான். அதனாலேயே ஒரு சந்தேகமும் வருகிறது: என்னைத் தொந்தரவு செய்வது அவர் போனதா, என் வாதத்துக்கு இருந்த சாட்சி போனதா? இரண்டும் என்றுதான் நினைக்கிறேன், எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து தபால் அறையில் அவருடைய புள்ளியியல் ஆசிரியரைப் பார்த்தேன். வகுப்புப் பட்டியலில் டபிள்யூவைப் பார்த்திருக்கிறார். "முன் வரிசையில் உட்காருவார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பேசியிருப்பேனே. என்னிடம் அனுப்பியிருக்கக் கூடாதா?" என்றார். அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அந்த ஆசிரியருக்கும் அது முன்னால் தெரியவில்லையே என்று அப்போது உள்ளுக்குள் சட்டென்று ஒரு கோபம் வந்தது. எங்களிடம் முன்கூட்டியே எச்சரிக்கும் ஒரு அமைப்பு இருக்கிறது. வகுப்புக்கு வராதவர்கள், தோற்றுக்கொண்டிருப்பவர்கள், வீட்டுப்பாடம் கொடுக்காதவர்கள் எல்லாரையும் அது சிவப்பில் காட்டும். தவறாமல் வந்து, பாஸ் மதிப்பெண் வாங்கி, களைத்துப் போய்க்கொண்டிருக்கும் ஒருவரைக் காட்ட அதில் எந்த நிறமும் இல்லை.

என்ன செய்தால் முடிப்பவர்கள் எண்ணிக்கை கூடும் என்பது தெரியாத விஷயம் இல்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. போக்குவரத்துச் செலவு, புத்தகச் செலவு, கட்டணத்தில் விழும் துண்டு, எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், பதிலுக்கு மாணவர் தன் ஆலோசகரைத் தவறாமல் பார்க்க வேண்டும், அது கட்டாயம். குலுக்கல் முறையில் பிரித்து ஆய்வு செய்ததில், மூன்று வருஷத்தில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம், இல்லாதவர்களில் 22. ஒஹாயோவில் மூன்று கல்லூரிகளில் செய்து பார்த்தபோதும் 35க்கு 19. இந்தத் துறையில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டிய திட்டங்கள் மிகக் குறைவு. அந்த அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் என் கண் போவது அந்த 'கட்டாயம்' மீதுதான். அங்கே ஓர் ஆலோசகருக்கு அறுபதிலிருந்து எண்பது மாணவர்கள்தான் என்று தொடங்கினார்கள். எனக்கு ஆயிரத்துக்கு மேல்.

இன்னொன்று. ஏசாப்பில் சேர முழுநேரம் படிக்க வேண்டும். கலிபோர்னியாவில் வசதி குறைந்த மாணவர்களுக்காக 1969 முதல் இருக்கும் ஈஓபிஎஸ் நல்ல திட்டம்தான், செமஸ்டருக்கு மூன்று முறை ஆலோசகர் சந்திப்பு உண்டு, ஆனால் அதில் சேரவும் பொதுவாகப் பன்னிரண்டு யூனிட் எடுத்தாக வேண்டும். இங்கே ட்ரேசி, ஸ்டாக்டன் ஊர்ப்பக்கம் கிடங்குகளில் ராத்திரி வேலை பார்க்கிற ஒருவர் ஆறு யூனிட் எடுப்பதே பெரிது. கையைப் பிடித்து அழைத்துப் போகும் ஏற்பாடு எல்லாம், ஏற்கனவே கொஞ்சம் நேரம் கிடைத்தவர்களுக்குத்தான் கிடைக்கிறது. கூட்டங்களில் திரையில் வரும் பட்டமளிப்பு விகிதமும் அப்படித்தான், முதல் முறை சேர்ந்து முழுநேரம் படிப்பவர்களை மட்டும் மூன்று வருஷத்துக்கு எண்ணுவது. பகுதிநேரத்தாரையும் சேர்த்து எட்டு வருஷம் வரை பார்க்கும் கணக்கு ஒன்று பிற்பாடு வந்தது, அதை யாரும் திரையில் போட்டு நான் பார்த்ததில்லை. அவர் போனதால் எங்கள் விகிதம் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.

என் அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். பொதுத்தேர்வு சமயத்தில் பையன் வரவில்லை என்றால் வீட்டுக்கே போய்விடுவார். இதை இங்கே ஒரு தோழியிடம் சொன்னபோது, "அவர்கள் குழந்தைகள். உன் எதிரில் உட்கார்ந்தது வீடு, வேலை, பிள்ளைகள் என்று இருக்கிற மனிதர். அவர் வாழ்க்கை அவருக்குத் தெரியாதா?" என்றாள். சரிதான். அவர் யோசித்து, தேதி பார்த்து, முடிவு எடுத்துவிட்டு வந்தார், அந்த முடிவுக்கு நான் மரியாதை கொடுத்தேன், அடுத்து பதினோரு பேர் வரிசையில் இருந்தார்கள். இந்த வாக்கியத்தின் கடைசிப் பகுதியை எடுத்துவிட்டால் முதல் பகுதி நிற்குமா என்பதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

தடுப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்தாரா? அல்லது, சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது என்று நினைக்கிற ஒழுங்கான மனிதரா? மதிப்பெண்ணைக் காட்டியது, "நான் தோற்றுப் போகவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதற்காகவா? அப்படியானால் நான் அதை ஒரு நொடி நின்று பார்த்து, ரொம்ப நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அப்புறம் நேரில் விலக வருகிறவர்களிடம், ஏன் போர்ட்டலில் செய்யவில்லை என்று கேட்க ஆரம்பித்தேன். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்கிறார்கள் பலர். அவருக்கும் அதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் கேன்வாஸ் அவர் போனில் திறந்ததே, இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட்.

அடுத்த செமஸ்டர் பதிவு தொடங்கியபோது அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பதில் இல்லை. கல்லூரி முகவரிக்குத்தான் அனுப்ப முடிந்தது, விட்டுப்போனவர்கள் அதைத் திறப்பதில்லை. போன் எண் பதிவில் இருக்கிறது, கூப்பிடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. கூப்பிடவில்லை. ராத்திரி ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் பகலில் தூங்குவார் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.

இப்போது எங்கள் குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. எல்லாப் பாடங்களையும் விடுபவர்களுக்குப் போர்ட்டலில் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு, ஆலோசகரைப் பார்த்த பிறகுதான் விலகலாம் என்று ஆக்குவது. நான் ஆதரிப்பேன் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், நான் எதிர்த்துத்தான் பேசப் போகிறேன். ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்து வரிசையில் நிற்க முடியாதவர்கள் வராமலேயே இருந்து எஃப், அதாவது ஃபெயில், வாங்குவார்கள். அதற்குப் பதிலாக நான் கேட்கப் போவது ஒரு பட்டியல், பாஸ் மதிப்பெண்ணோடு விலகியவர்களின் பெயர்கள், வாரம் ஒரு முறை. தகவல் பிரிவில் கேட்டேன், எடுத்துக் கொடுப்பது சுலபம் என்கிறார்கள். யார் போன் செய்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.