தட்டைப் பறக்கவிட்டாயிற்று, இப்போது கட்டடம் இடிகிறது

வேற்றுக்கிரகவாசிகள் பூமிமேல் படையெடுத்து வரும் 1950களின் ஹாலிவுட் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் 1956இல் வந்த ‘எர்த் வெர்சஸ் த ஃபிளையிங் சாசர்ஸ்’ மட்டும் கையைச் சும்மா இருக்கவிடவில்லை. கதை சுமார்தான். ஆனால் அதன் சிறப்புக் காட்சிகளை அமைத்த ரே ஹாரிஹாசனின் பறக்கும் தட்டுகள் வாஷிங்டன் நகரத்தை நொறுக்கும் கடைசிப் பகுதியை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். எல்லாம் ஸ்டாப் மோஷன்: ஒரு பிரேம் (ஒற்றைப் படம்) எடு, பொம்மையைத் துளி நகர்த்து, அடுத்த பிரேம் எடு. அதை மேசைமேல், மொபைல் கேமராவில் செய்து பார்க்கிறேன். நொடிக்கு 12 பிரேம்.

தட்டுக்கு இரண்டு அலுமினிய மூடிகள். நடுவில் ஒரு போல்ட். மேல் மூடி அப்படியே நிற்கும், கீழ் மூடி மட்டும் சுழலும். வழவழப்பான வட்டம் எவ்வளவு சுற்றினாலும் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது. ஹாரிஹாசன் தன் தட்டுகளின் விளிம்பில் வரிவரியாக வெட்டுகள் வைத்தது எதற்கென்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது பிடிபடுகிறது. நான் மார்க்கரால் 30 பாகைக்கு ஒன்றாகக் கோடு போட்டேன். பிரேமுக்கு 30 பாகை திருப்பினால் ஒரு கோடு இருந்த இடத்தில் அடுத்த கோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். தட்டு அசையாமல் நிற்பதாகவே தோன்றும். 10 பாகை திருப்பினால் சுழற்சி கம்பீரமாக வருகிறது.

தொங்கவிட மூன்று தூண்டில் தங்கூசிகள். விளக்கில் அவை பளபளக்கும் என்பதால் பின்னணித் திரையின் சாம்பல் நிறத்தையே பூசிவிட்டேன். 1953இல் வந்த ‘த வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ படத்தின் பிற்காலப் பிரதிகளில் செவ்வாய்க்காரர்களின் போர் ஊர்திகளைத் தாங்கும் கம்பிகள் பட்டவர்த்தனமாகத் தெரியும். எனக்கு அதில் ஒன்றும் குறையாகப்படவில்லை, அது வேறு விஷயம்.

தட்டு அவ்வளவுதான். கட்டடத்தில்தான் நேரம் போகிறது.

மாதிரிக் கட்டடத்தை உண்மையிலேயே இடித்து, அதிவேகக் கேமராவில் எடுத்து மெதுவாக ஓட்டுவதுதான் அன்றைய வழக்கம். ‘ஃபிளையிங் சாசர்ஸ்’ படத்தின் பட்ஜெட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதனால் ஹாரிஹாசன் விழும் கற்களையும் கம்பியில் கட்டி, ஒவ்வொரு பிரேமுக்கும் தனித்தனியாக நகர்த்தினார். என்ன பொறுமை ஐயா அது!

என் கோபுரம் 40 செ.மீ. உயரம். அது 10 மீட்டர் கட்டடமாகத் தோன்ற வேண்டும், அதாவது 25இல் ஒரு பங்கு அளவு. நிஜக் கல் முதல் 1/12 நொடியில் 34 மி.மீ. விழும். 25ஆல் வகுத்தால் சுமார் 1.36 மி.மீ. அடுத்தடுத்த பிரேம்களில் அதைப் போல 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு என்று ஒற்றைப்படையிலேயே கூடிக்கொண்டு போக வேண்டும்: 4.1, 6.8, 9.5 மி.மீ. பிரேமுக்கு ஒரே அளவாக இறக்கினால் கல் லிஃப்டில் இறங்குவது போல இருக்கிறது. இந்தக் கணக்கில் இறக்கினால், அடேயப்பா, எடை வந்துவிடுகிறது.

கற்களுக்குத் தெர்மோகோல் சரிப்படவில்லை, மூச்சுக்காற்றுக்கே ஆடுகிறது. துணி துவைக்கும் பார் சோப்பைத் துண்டு போட்டு, மேலே சாக்பீஸ் தூளைத் தேய்த்தேன். கனமாக, ஆடாமல் தொங்குகிறது. பார்வைக்கும் பழைய சுண்ணாம்புக்கல்தான். ஒவ்வொரு துண்டின் தங்கூசியும் மேலே மரச்சட்டத்தில் உள்ள ஒரு திருகில் சுற்றியிருக்கிறது. திருகைத் திருப்பினால் கல் இறங்கும். மின்விசிறிக்கு மட்டும் கண்டிப்பாக விடுமுறை. மொபைலில் எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் ஒளியின் அளவை) மாறாமல் பூட்டிவிடுவதும் அவசியம், இல்லையென்றால் பிரேமுக்குப் பிரேம் வெளிச்சம் துடிக்கும்.

கோபுரத்தின் மேல் பாதி இதுவரை இடிந்திருக்கிறது. தட்டு மோதும் இடம் நன்றாகவே வந்திருக்கிறது. கற்கள் ஒன்றோடொன்று உரசித் திரும்பும் இடம் இன்னும் கொஞ்சம் விறைப்பு. அப்புறம் தூசி. பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துக் கம்பியில் வைத்துப் பார்க்கப்போகிறேன். அது பஞ்சாகவே தெரிந்தால், கறுப்புத் துணி முன்னால் மாவைத் தூவித் தனியாகப் படமெடுத்து, இந்தக் காட்சியின் மேல் ஏற்றிவிடலாம்.