ஆஷ்தோதுக்கும் தொகுதி அலுவலகத்துக்கும் நடுவே

2025 அக்டோபர் 1, புதன், இரவு

காசாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப் போன சுமுத் படகு அணியை இஸ்ரேலியக் கடற்படை மறிக்கத் தொடங்கிவிட்டது. 40-க்கும் மேற்பட்ட படகுகள், 400-க்கும் மேற்பட்ட ஆட்கள். படகுகளிலிருந்து வந்த நேரலை ஒவ்வொன்றாக அணைகிறது. படகில் இருந்த பிரிட்டிஷ்காரர்களின் வீட்டாரிடமிருந்து பிரிட்டனில் அவர்களுடைய தொகுதி எம்.பி. அலுவலகத்துக்கு முதல் அழைப்பு வருவது இந்த நேரத்தில்தான்.

அழைப்பவர் பதறிப்போயிருப்பார். அதனால் கேள்விகள் எழுதித் தயாராக இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர், எண், பிறந்த தேதி. வேறு நாட்டுக் குடியுரிமையும் உண்டா? படகின் பெயர் என்ன, கடைசியாகப் பேசியது எத்தனை மணிக்கு? மருந்து சாப்பிடுகிறவர் என்றால் மருந்தின் வேதிப்பெயர், அளவு, வேளை. வணிகப் பெயர் மட்டும் போதாது, அங்கே அது வேறு பெயரில் இருக்கலாம். முக்கியமாக, அவருடைய வீட்டு முகவரி. தன் தொகுதிக்காரருக்காக மட்டுமே எம்.பி. பேசுவது நாடாளுமன்ற மரபு. முகவரி வேறு தொகுதி என்றால் அந்த எம்.பி.யிடம் இன்றிரவே ஒப்படைத்துவிட வேண்டும். நாளை என்று வைத்தால் ஒரு நாள் போய்விடும்.

படகின் பெயரை மட்டும் நம்பக்கூடாது. இரண்டு நாளுக்கு முன் ஒரு படகில் தண்ணீர் ஏறி, அதிலிருந்தவர்கள் வேறு படகுகளுக்கு மாற்றப்பட்டார்கள். பழைய பட்டியலைப் பார்த்து “அவர் இந்தப் படகில் இல்லை” என்று பதில் வந்தால், அதற்காக வீட்டாரைக் கலங்கடிக்க வேண்டாம்.

அக்டோபர் 2, வியாழன்

இன்று யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர். இஸ்ரேலில் அரசு அலுவலகம் கிடையாது, விமான நிலையமும் மூடல். நாளை வெள்ளி, மாலையில் வார ஓய்வுநாளான சாபத் தொடங்கிவிடும். ஞாயிறு அங்கே வேலைநாள். திங்கள் மாலை சுக்கோத் பண்டிகை. ஆக, வேலை நடக்கக்கூடிய நேரம் நாளை காலையும் ஞாயிறும் திங்கள் பகலும்தான். லண்டன் நாட்காட்டியை வைத்துத் திட்டமிட்டவர்கள் நாளைப் பிற்பகலில் மூடிய கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

இன்றைய பெரிய தடை ஒப்புதல். பிடிபட்டவர் வயதுவந்தவர், அவருடைய விவரத்தை வெளியுறவு அலுவலகம் யாரிடமும் சொல்ல அவருடைய சம்மதம் வேண்டும். தாயோ கணவரோ கையெழுத்திட்டால் அது அவருடைய சம்மதம் ஆகாது. சம்மதம் பெறவே முடியாத நிலையில் மக்கள் பிரதிநிதியிடம் விவரம் தரலாம் என்று 2018-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை, 24-ஆம் பத்தி இடம் கொடுக்கிறது. வெளியுறவு அலுவலகத்துக்கு எழுதும் மின்னஞ்சலின் முதல் வரியிலேயே இந்தப் பத்தியைச் சுட்டி, சம்மதம் ஏன் கிடைக்காது என்பதையும் எழுதுவது நல்லது. கூடவே ஒரு வேண்டுகோள்: தூதரக அதிகாரி அவரை முதலில் சந்திக்கும்போதே எம்.பி. பெயரையும் சொல்லி ஒப்புதல் வாங்கி வரட்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

ஆஷ்தோத் துறைமுகத்தில் பதிவு முடிந்து, பெரும்பாலானோரை நெகேவ் பாலைவனத்துக் கெட்ஸியோத் சிறைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். முதலில் நாடுகடத்தப்பட்டவர்கள் 4 இத்தாலியர்கள்.

1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு, பிடித்துவைக்கும் நாட்டைக் கட்டுப்படுத்துகிறது: கைதி கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றிச் சொல்லவேண்டும், அதிகாரிகளைப் பார்க்க விடவேண்டும். ஆனால் தூதரக உதவி என்பது பிரிட்டிஷ் சட்டத்தில் குடிமகனின் உரிமை அல்ல. மனித உரிமை மீறல் நடந்தால் அதை உரிமையாக்குவோம் என்று தொழிற்கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் சொன்னது. அதுவரை எம்.பி. கையில் இருப்பது கேட்கும் அதிகாரம் மட்டுமே. அதைத் துல்லியமாகக் கேட்கவேண்டும்.

“அவர் நலமா?” என்று கேட்டால் “நலம்” என்று ஒரு சொல் வரும். அதில் ஒன்றும் இல்லை. அதிகாரி அவரை நேரில் பார்த்தாரா, எந்தத் தேதி, எத்தனை நிமிடம்? காவலர் பக்கத்தில் நின்றாரா? மருந்து எத்தனை வேளை கிடைத்தது? வழக்கறிஞரைப் பார்த்தாரா? ஏதாவது தாளில் கையெழுத்திட்டாரா, அது எந்த மொழியில் இருந்தது? இந்தக் கேள்விகளுக்கு ஒரு சொல்லில் பதில் எழுத முடியாது.

அந்தத் தாள்தான் இன்று எல்லோரையும் அலைக்கழிக்கிறது. சுயவிருப்பத்தில் வெளியேறுகிறேன் என்று கையெழுத்திட்டால் சீக்கிரம் விமானம். மறுத்தால் 72 மணி நேரம் காத்திருப்பு, தடுப்புக்காவல் தீர்ப்பாயம், பிறகு நாடுகடத்தல். ஜூன் மாதம் இதேபோல் காசாவுக்குப் போய்ப் பிடிபட்ட மேட்லீன் படகில் இருந்த 12 பேரில் 4 பேர் கையெழுத்திட்டு மறுநாளே அனுப்பப்பட்டார்கள். மறுத்த 8 பேர் மேலும் சில நாள் உள்ளே இருந்தார்கள். சர்வதேசக் கடலில் பிடித்துக் கொண்டுவந்துவிட்டு ‘இஸ்ரேலுக்குள் சட்டவிரோதமாக நுழைந்தோம்’ என்று எழுதித் தரச் சொல்வதா என்பது மறுத்தவர்களின் வாதம்.

“எப்படியாவது கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்” என்று வீட்டார் கெஞ்சுவார்கள். பெற்ற மனம் அப்படித்தான் கேட்கும். ஆனாலும் அந்தச் செய்தியை எம்.பி.யின் உத்தரவு போல உள்ளே அனுப்பக்கூடாது. படகு அணிக்காரர்களுக்காக வாதாடுவது ஹைஃபாவின் அதாலா சட்ட மையம். இரண்டு வழியின் விளைவையும் அந்த வழக்கறிஞர் விளக்கவேண்டும், முடிவு உள்ளே இருப்பவருடையது. வீட்டார் அனுப்பும் அன்பான நான்கு வரி தாராளமாகப் போகட்டும்.

அக்டோபர் 4, சனி

137 பேருடன் விமானம் இஸ்தான்புல் சேர்ந்தது. பிரிட்டிஷ்காரர்களும் அதில் உண்டு. பெயர்ப் பட்டியல் கைக்கு வருமுன் வீட்டாரிடம் “வந்துவிட்டார்” என்று சொல்லக்கூடாது. ஆங்கிலப் பெயர் எபிரேய எழுத்துக்குப் போய்த் திரும்பும்போது உருமாறிவிடும். பாஸ்போர்ட் எண்ணைக் கொண்டு சரிபார்த்தால்தான் உறுதி.

அக்டோபர் 6, திங்கள்

இன்று 171 பேர் கிரீஸுக்கும் ஸ்லோவாகியாவுக்கும்.

நாடாளுமன்றம் கட்சி மாநாடுகளுக்காக விடுமுறையில், 13-ஆம் தேதிதான் கூடும். சபாநாயகர் அனுமதித்தால் அன்றே அமைச்சரை அவைக்கு வரவழைக்கும் அவசரக் கேள்வி என்ற ஆயுதம் இப்போது இல்லை. மீதி இருப்பவை: வெளியுறவு அமைச்சர் இவெட் கூப்பருக்குக் கடிதம், அவருடைய தனி அலுவலகத்துக்குத் தொலைபேசி, இதே நிலையில் தொகுதிக்காரர் உள்ள மற்ற எம்.பி.க்களோடு கூட்டுக் கடிதம். கூட்டுக் கடிதத்தில் ஒரு சிக்கல், கையெழுத்து சேரச் சேர வாசகம் நீர்த்துப்போகும். நான்கே கையெழுத்தோடு, எந்தக் கைதியை எந்தத் தேதிக்குள் பார்க்கவேண்டும் என்று கேட்கும் கடிதம் மேல்.

பத்திரிகைக்குப் பெயரைத் தரலாமா? வழக்கறிஞர் வழியாக அவரைக் கேட்டுத்தான். சிலருக்கு வெளிச்சம் பாதுகாப்பு. சிலருக்கு அதே வெளிச்சம் வேறொரு நாட்டில் இருக்கும் உறவினருக்கு ஆபத்து.

அக்டோபர் 7, செவ்வாய்

131 பேர் ஜோர்டானுக்கு அனுப்பப்பட்டார்கள், இதிலும் பிரிட்டிஷ்காரர்கள். இஸ்தான்புல், ஏதென்ஸ், ஜோர்டான் என்று இறங்கும் ஊர் மாறிக்கொண்டே இருப்பதால் வீட்டார் முன்கூட்டியே விமானச் சீட்டு வாங்கவேண்டாம். வருகிறவரிடம் போன் இருக்காது, பணம் இருக்காது என்றே எண்ணித் திட்டமிடவேண்டும். பயணச் செலவைத் தூதரகம் ஏற்காது.

அக்டோபர் 8, புதன்

மீண்டும். சுதந்திரப் படகுக் கூட்டணியின் அணி மறிக்கப்பட்டது: 9 படகுகள், 145 பேர் அளவில், மருத்துவர்களும் செய்தியாளர்களும் அதில்.

இம்முறை கரையிலிருந்தபோதே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுப் போனவர்களுடைய எம்.பி.க்களுக்கு முதல் நாளே பேச வழி திறந்திருக்கும். அந்தப் படிவத்தில் ஐந்து கேள்விகள் இருந்தால் போதும். என் விவரத்தை யார் யாரிடம் சொல்லலாம்? வெளியேறும் தாளில் கையெழுத்திடுவேனா, மாட்டேனா? என் பெயரைப் பத்திரிகைக்குத் தரலாமா? என் வழக்கறிஞர் யார்? விமான நிலையத்தில் எம்.பி. வந்து நிற்பதையும் படம் எடுப்பதையும் நான் விரும்புகிறேனா? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டும்.