அமைதிக் கேள்விக்கு ஒரு மோதலை முழுசாகப் படியுங்கள்

'வன்முறை மோதல்களின் காரணங்களையும் அமைதியைக் கட்டியெழுப்பும் வழிகளையும் ஆராய்க.' அரசியல் அறிவியல் படிப்பவர்கள் இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவத்தில் சந்தித்தே ஆக வேண்டும். பல விடைகள் இரண்டு பட்டியல்களாக நின்றுவிடுகின்றன. முதல் பக்கத்தில் வறுமை, இனம், மதம், எல்லை. அடுத்த பக்கத்தில் பேச்சுவார்த்தை, கல்வி, சகிப்புத்தன்மை. எந்தக் காரணத்தை எந்த வழி சரிசெய்கிறது என்பதே இருக்காது. விடையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இதில் எனக்குக் கைகொடுத்தது பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட வட அயர்லாந்து. பல நாடுகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு மோதலைத் தொடக்கம் முதல் ஒப்பந்தத்துக்குப் பிந்தைய காலம்வரை படிப்பது மேல். 1968ல் அங்கே, புராட்டஸ்டன்ட் பெரும்பான்மைக்கு நடுவே சிறுபான்மையாக இருந்த கத்தோலிக்கர்கள் தெருவில் இறங்கிக் கேட்டவை வீடு ஒதுக்கீட்டில் நியாயம், உள்ளாட்சித் தேர்தலில் சம வாக்குரிமை, வேலையில் பாகுபாடின்மை. ஆகவே 'மதச் சண்டை' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அந்த நிலம் பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்ற கேள்வியும் அடியில் இருந்தது. 1971ல் விசாரணையில்லாமல் சிறையில் அடைத்ததும், 1972 ஜனவரி 30 அன்று டெர்ரி நகரில் நடந்த ஊர்வலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதும் நெருப்பை வளர்த்த நிகழ்வுகள். அடிப்படைக் காரணம் வேறு, தூண்டிய நிகழ்வு வேறு. இதைப் பிரித்து எழுதினாலே விடை தெளிந்துவிடும்.

அப்புறம் இந்த மோதலை முடிவுக்குக் கொண்டுவந்த 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்தைக் காரணங்களோடு பொருத்துங்கள். ஆட்சியில் இடமில்லை என்ற குறைக்கு, இரு தரப்பும் சேர்ந்து ஆளும் அதிகாரப் பகிர்வு. எந்த நாட்டோடு என்ற கேள்விக்கு, பெரும்பான்மை மக்களின் சம்மதமில்லாமல் மாற்றம் இல்லை என்ற உறுதி. பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்களே இருந்த காவல்துறை மீதான அவநம்பிக்கைக்கு, 2001ல் புதிய காவல்துறை. அதன் ஆளெடுப்பில் பத்தாண்டுகள் பாதி இடம் கத்தோலிக்கர்களுக்கு. அயர்லாந்தோடு சேர ஆயுதமேந்திப் போராடிய ஐஆர்ஏ (ஐரிஷ் குடியரசுப் படை) ஆயுதங்களைக் கைவிட்டு முடித்தது 2005ல்தான். கையெழுத்துக்கும் அதற்கும் நடுவே ஏழு ஆண்டுகள் ஓடின என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

நார்வேயின் அமைதி ஆய்வாளர் ஜோஹன் கால்டுங்கின் கருத்துகளை இதற்குப் பிறகு கொண்டுவந்தால் நன்றாகப் பொருந்தும். குண்டுவெடிப்பு நேரடி வன்முறை. வீடு மறுக்கப்பட்டது கட்டமைப்பு வன்முறை. துப்பாக்கி ஓய்வது எதிர்மறை அமைதி. பாகுபாடு நீங்குவது நேர்மறை அமைதி. வரையறையை மட்டும் ஒப்பிப்பதால் பெரிய பயனில்லை.

எதிர் உதாரணமாக ருவாண்டா போதும். 1993 ஆகஸ்டில் தான்சானியாவின் அருஷாவில் அரசுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம், 1994 ஏப்ரலில் டுட்சி இனத்தவர்மீது இனப்படுகொலை. அதிகாரத்தைப் பகிர மறுத்த தீவிரவாதிகளும் வெறுப்பைப் பரப்பிய வானொலியும் ஒப்பந்தத்தையே அழித்தார்கள்.

அமைதி முயற்சிகளில் பெண்களின் பங்கு பற்றிய ஐநா பாதுகாப்பு அவையின் 1325ஆம் தீர்மானம் (2000) பல பாடநூல்களில் இருக்கும். அதைத் தனியாக எழுதாமல், 1996ல் தொடங்கிய வட அயர்லாந்து மகளிர் கூட்டணி பேச்சுவார்த்தை மேசையில் இடம்பிடித்ததோடு சேர்த்து எழுதுங்கள்.