கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு வாகனத் தரிப்பிடம்

போன சனிக்கிழமை அப்பாவைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்தக் கட்டிடம். மேலே இடமில்லை, நிலத்துக்குக் கீழே மூன்றாவது தளத்துக்குப் போங்கள் என்று வாசலில் நின்ற தம்பி கை காட்டினார். அப்பா உடனே, "வேண்டாம் பிள்ளை, ரோட்டில எங்கயாவது விடுவம்" என்றார்.

அவர் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் அவருக்கு வேலை கொழும்புக் கோட்டையில். 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கி வாசலில் குண்டு வெடித்தபோது அவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். அடுத்த வருடம் ஒக்டோபரில், உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களைத் திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது, பக்கத்து ஹோட்டலின் வாகனத் தரிப்பிடத்தில் லொறிக் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு ஒரு கட்டிடத்துக்குள் வாகனம் விடுவதென்றால் என்ன நடக்கும் என்று கொழும்பில் இருந்த எல்லாருக்கும் நினைவிருக்கும். நீளத் தடியில் கட்டிய கண்ணாடியை வண்டிக்கு அடியில் விட்டுப் பார்ப்பார்கள், டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள், அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் இன்னும் நாலு கேள்வி வரும். அப்பா அரை மைல் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தே போய்விடுவார். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"நான் இப்படி ஒன்றைக் கட்டினனான் அப்பா, வாங்கோ" என்று சொல்லி இறக்கினேன். கீழே போகும் வழியில் அவருக்குச் சொன்னதையும், சொல்லி முடிக்காததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் கீழே போக வேண்டி வந்தது? 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்துத் திருத்திக் கட்டிய கோட்டையின் மதில்களை ஆங்கிலேயர் 1869 தொடக்கம் இடித்தார்கள், அந்த இடங்களில் வீதியும் வியாபார மாளிகைகளும் வந்தன. 1906இல் முடிந்த காகில்ஸ் கட்டிடத்தைப் பாருங்கள், எவ்வளவு அழகு, ஆனால் ஒரு வண்டி நிற்க முற்றம் கிடையாது. அந்தத் தெருக்கள் மாட்டு வண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் போட்ட தெருக்கள். கார் வந்தபோது அது தெருவோரத்தில்தான் நின்றது, இன்றைக்கும் நிற்கிறது.

இதே நெருக்கடி அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு முன்னமே வந்தது. அவர்கள் நகரின் நடுவிலிருந்த யூனியன் சதுக்கத்தைத் தோண்டி, சுமார் 1,700 கார்களுக்குக் கீழே இடம் கட்டி, மேலே மறுபடி பூங்கா போட்டார்கள். 1942இல் திறந்தது, வடிவமைத்தவர் திமோத்தி ஃப்ளூகர். பொதுப் பூங்காவுக்கு அடியில் பெரிய அளவில் கட்டிய முதல் தரிப்பிடம் அதுதான் என்பார்கள். பிறகு உலகம் முழுக்க அந்த யோசனை பரவியது. கொழும்பில் அது பெரும்பாலும் தனியார் கோபுரங்களின் அடியில்தான் வந்து சேர்ந்தது, காரணம் காணி விலை. ஒரு கார் நிற்கும் இடமும், அது திரும்பிப் போகும் பாதையில் அதன் பங்கும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு பேர்ச், அதாவது சுமார் 25 சதுர மீற்றர் வரும். கொள்ளுப்பிட்டியில் ஒரு பேர்ச் கோடியைத் தாண்டும். அப்புறம் யார்தான் நிலத்தின் மேல் காரை நிறுத்துவார்கள்?

சரி, தோண்டினால் என்ன கிடைக்கும்? தண்ணீர். கடலிலிருந்து இருநூறு மீற்றர் தள்ளித் தோண்டினோம், ஓர் ஆள் உயரம் போவதற்குள் குழியின் அடியில் தண்ணீர் ஊறியது. நகரத்தின் நடுவில் கிடக்கும் பேர வாவி இப்போது சுமார் 65 ஹெக்டேர்தான், ஒரு காலத்தில் இன்னும் நிறைய இடம் அதனுடையதாக இருந்தது, நிரப்பி நிரப்பிச் சுருக்கிவிட்டோம். அதனால் சில காணிகளில் மணல், சிலவற்றில் கபுக் என்ற செம்மண் கல், சிலவற்றில் கறுத்த சேறு, இலைதழை மக்கிப் பஞ்சுபோல் கிடக்கும் பீட். அந்தச் சேற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சினால் அது அமுங்கும், அமுங்கினால் பக்கத்து வீட்டுச் சுவர் வெடிக்கும். ஆகவே ஒரு பிடி மண் எடுப்பதற்கு முன்னமே நாங்கள் செய்த வேலை அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் போய் இருக்கிற வெடிப்பையெல்லாம் படம் எடுத்ததுதான். ஒரு வயதான அன்ரி தன் சாமி அறைச் சுவரைக் காட்டி, "இதுக்கு ஒண்டும் ஆகாது என்று எழுதித் தாருங்கோ பிள்ளை" என்று கேட்டார். எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கவில்லை, ஆனால் அந்தச் சுவரில் சிறிய கண்ணாடித் துண்டொன்றை ஒட்டி, இரண்டு வருடமும் கிழமைக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையவில்லை.

சுவரைத்தான் முதலில் கட்டுவோம், குழி அப்புறம். கேட்பவர்களுக்கு இது விளங்குவதில்லை, எனக்கும் பல்கலைக்கழகத்தில் படித்தபோது விளங்கவில்லை, நேரில் பார்த்தபோதுதான் பிடிபட்டது. காணியின் எல்லையோடு 80 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு ஒடுங்கிய பள்ளத்தை, கிரேனில் தொங்கும் பெரிய இரும்புக் கவ்வியால், துண்டு துண்டாகக் கீழே உக்கிய பாறை வரை தோண்டுவார்கள். தோண்டத் தோண்ட அதற்குள் பெண்டோனைட் என்ற களிமண் கரைசலை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அது தண்ணீரைவிடக் கொஞ்சம் பாரமானது, பள்ளத்தின் இரு பக்கமும் ஒரு தோல் போலப் படிந்து மண் சரியாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு கம்பிக் கூட்டை இறக்கி, நீளக் குழாய் வழியாக அடியிலிருந்து கொங்கிரீட் ஊற்றுவோம், கொங்கிரீட் எழ எழக் கரைசல் மேலால் வெளியேறும். தொடங்கினால் இடையில் நிறுத்த முடியாது. குழாயின் நுனி கொங்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும், ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அந்த இடத்தில் களிமண் சிக்கி, பிற்காலத்தில் அங்கேதான் ஒழுகும். இப்படி ஒரு துண்டு, பக்கத்தில் இன்னொரு துண்டு என்று நாலு பக்கமும் மூடிய பிறகுதான் உள்ளே மண் எடுப்பது.

மண்ணை எடுத்து அடித்தளத் தட்டைப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். உண்மையில் பயப்பட வேண்டிய காலம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. நிலத்தடி நீர் மட்டத்திலிருந்து 9 மீற்றர் கீழே தட்டு இருந்தால், ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 9 தொன் மேல்நோக்கித் தள்ளும். ஒரு கார் நிற்கும் இடம் 2.4க்கு 4.8 மீற்றர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு காருக்கும் கீழே 100 தொன்னுக்கு மேல் தண்ணீர் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது, காரின் எடையோ ஒன்றரைத் தொன்கூட இல்லை. மேலே எழும்பும் மாடிகளின் பாரமும், பாறையில் இறக்கிய பைல்கள் என்ற ஆழக் கொங்கிரீட் தூண்களும் சேர்ந்துதான் அதைப் பிடித்து வைக்கும். போதிய மாடிகள் எழும்பும் வரை அடியில் ஊறும் நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் சைட்டில் நாலாவது மாடி போட்டுக்கொண்டிருந்தபோது 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. சீமெந்து இல்லை, கம்பி இல்லை, வேலை நின்றது. பம்புகளை மட்டும் நிறுத்த முடியாது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. டீசலுக்குக் கானோடு போனால் திருப்பி அனுப்பினார்கள், கடிதம் கேட்டார்கள், கடிதம் கொண்டு போனால் டீசல் முடிந்திருந்தது. பம்ப் பார்த்தவர் அட்டன் பக்கத்து அண்ணன் ஒருவர், தகரக் கொட்டகையில் அங்கேயே படுத்துக்கொள்வார். ஒரு நாள் இரவு 11 மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு: "மிஸ், கரன்ட் போயிருச்சு. ஜெனரேட்டர்ல ரெண்டு மணி நேரத்துக்குத்தான் டீசல் இருக்கு."

இப்படி ஒரு நிலை வந்தால் செய்வதற்கு வழி ஒன்று உண்டு. தட்டில் அங்கங்கே குழாய் விட்டு மூடி போட்டு வைத்திருப்போம். அந்த மூடிகளைத் திறந்துவிட்டால் தண்ணீர் உள்ளே வரும், உள்ளே நிற்கும் தண்ணீரின் பாரம் கீழிருந்து வரும் அழுத்தத்தைச் சமப்படுத்தும், தட்டு வெடிக்காமல் தப்பும். ஆறு மாதம் வியர்வை சிந்தி உலர வைத்த இடத்தை நம் கையாலேயே மூழ்கடிக்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து சைக்கிளில் போனேன், காரில் பெற்றோல் இல்லை. ஒன்றரை மணிக்கு ஜெனரேட்டர் நின்றது. நானும் அவரும் இன்னும் இரண்டு பேரும் டோர்ச் லைட் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூடியாகத் திறந்தோம். தண்ணீர் பீறிட்டு வரும் என்று நினைத்தேன், அது சத்தமே இல்லாமல் ஊறி, குளிர்ந்து, கணுக்காலுக்கு வந்தது, பிறகு முழங்காலுக்கு வந்தது. அந்த அண்ணன் மாடிப்படியில் கோடு கிழித்து அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளந்து எழுதினார். மூன்று நாள் கழித்துத்தான் டீசல் கிடைத்தது. தட்டில் ஒரு வெடிப்பும் இல்லை. அவர் எழுதிய அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

மற்றதெல்லாம் ஒப்பிட்டால் சின்ன விஷயம். உள்ளே இறங்கும் சாய்வுப் பாதை முதலில் கொஞ்சம் மேலே ஏறிவிட்டுத்தான் கீழே போகும், ரோட்டு வெள்ளம் உள்ளே வராமல் இருக்க அந்த மேடு. அதைக் கட்டாமல் விட்ட இடங்களில் ஒரு ஒக்டோபர் மழை போதும். தூண்கள் கண்ட கண்ட இடத்தில் நிற்பதாக எல்லாரும் திட்டுகிறார்கள், அவை மேலே இருக்கும் வீடுகளின் அறைகளுக்கும் கீழே இருக்கும் கார்களுக்கும் நடுவில் பேரம் பேசி வந்த தூண்கள். கூரையில் சுற்றும் காற்றாடிகள் புகையை வெளியே தள்ளத்தான், இரைச்சல் என்று யாராவது அதை நிறுத்தச் சொன்னால் விடாதீர்கள்.

அப்பாவுக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்ததால் திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். கார் பக்கத்துச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு தெரிந்தது, இரண்டு துண்டுகள் சேரும் இடம். அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவர் கையை எடுத்து அதில் வைத்தேன். காய்ந்திருந்தது. வெள்ளையாகக் காய்ந்து கிடந்தால் எப்போதோ ஒழுகி நின்றது என்று அர்த்தம், கறுத்து ஈரமாக இருந்தால் வாசலில் நிற்கும் தம்பியிடம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று விளக்கினேன். "இதுக்கு அங்கால?" என்று கேட்டார். மண், தண்ணீர், அப்புறம் கொஞ்சத் தூரத்தில் கடல் என்றேன். கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.