பீரோவுக்குள் ஒரு கொடிக்கால்

உள்ளே விளக்கை எரியவிட்டு, பீரோவைச் சாத்தி இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தேன். மேலே தொங்கவிட்டிருந்த வெப்பமானி 42 டிகிரி காட்டியது. ஹாலில் 31தான். முந்தின வாரம் ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்த வெற்றிலைக் கொடியின் நுனி துவண்டு கிடந்தது.

மும்பை செம்பூரில் எங்களுக்குத் தரைத்தள வீடு. பால்கனி கிடையாது. ஹால் சன்னலுக்கு நேரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அம்மா பாபநாசம் பக்கம் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். மாட்டுங்காவில் வெற்றிலை கிடைக்கும்தான். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் கையால் கிள்ளிய இலை இரண்டு வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. வெற்றிலை நிழல் விரும்பும் கொடி. ஊரில் அகத்தியை வளர்த்து அதன் நிழலில்தான் ஏற்றுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் ஆறரை அடி உயரப் பழைய இரும்பு பீரோவின் தட்டுகளைக் கழற்றிவிட்டு, 100 வாட் எல்இடி விளக்கு ஒன்றை உள்ளே மாட்டினேன்.

எல்இடி சூடாகாது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். திறந்த அறையில் அது தெரியாது, அவ்வளவுதான். விளக்கு இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு நேராக வெப்பமாகிறது. மீதி ஒளியாகி, இலையிலும் சுவரிலும் பட்டுக் கடைசியில் அதுவும் வெப்பமாகிறது. மூடிய பெட்டிக்குள் 100 வாட் விளக்கு என்பது 100 வாட் அடுப்புக்குச் சமம்.

இதில் நான் செய்த பெரிய தவறு தெர்மாகோல். வெளிச்சம் சிதறாமல் செடிக்குத் திரும்பட்டும் என்று உள்சுவர் முழுக்கத் தெர்மாகோல் ஒட்டி, மேலே வெள்ளித்தாள் போட்டிருந்தேன். ஐஸ் பெட்டியில் குளிரை எது காக்கிறதோ அதுவேதான் இங்கே சூட்டையும் காத்தது. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு, பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். ஃபேன் எதுவும் போடாமலே 37க்கு இறங்கிவிட்டது. மெல்லிய இரும்புத் தகடு தானாகவே வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். நாம் அதைத் தடுக்காமல் இருந்தால் போதும்.

வெப்பமானி பாடமும் இந்த நாட்களில்தான் கிடைத்தது. விளக்கின் ஒளி நேராகப் பட்டால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தன்னுடைய சூட்டைத்தான் காட்டும். ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து, பக்கங்களில் துளை போட்டு அதற்குள் வைத்த பிறகுதான் எண்களை நம்ப முடிந்தது.

லேமிங்டன் ரோட்டில் கணினிக்குப் போடும் 12 வோல்ட் ஃபேன் இரண்டு வாங்கிவந்தேன். முதலில் இரண்டையும் உள்ளே ஊதும்படி வைத்தேன். காற்று போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. பிறகு ஒன்றை மேலே வெளியே இழுக்கும்படி மாட்டி, கீழே அந்த ஃபேனைப்போல் இரண்டு மடங்கு பரப்பில் திறப்பு விட்டேன். எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வாட்டை மூன்றால் பெருக்கி, எத்தனை டிகிரி ஏறலாம் என்று நினைக்கிறோமோ அதனால் வகுத்தால், மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 100 வாட்டுக்கு 3 டிகிரிதான் ஏறலாம் என்றால் மணிக்கு 100 கன மீட்டர். ஃபேன் அட்டையில் போட்டிருக்கும் அளவு தடையில்லாத காற்றுக்கானது. கொசுவலையும் வளைந்த குழாயும் சேர்ந்தால் அதில் பாதி வருவதே அரிது. கீழ்த்திறப்பில் ஊதுவத்தியைக் காட்டிப் பாருங்கள். புகை சட்டென்று உள்ளே இழுபட வேண்டும்.

அப்படியும் மாலைக்குள் 36 ஆனது. காரணம் கண்டுபிடிக்க மூன்று நாள் பிடித்தது. மேலே வெளியேறிய சூடு பரணில் முட்டி, பீரோவின் பின்பக்கமாக இறங்கிக் கீழ்த்திறப்பு வழியே மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. சன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்துவிட்டு ஒட்டுப்பலகை வைத்து, சமையலறைச் சிம்னிக்குப் போடும் நெளிவுக் குழாயால் வெளியே விட்டதும்தான் அது நின்றது. விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் ‘டிரைவர்’ பெட்டியையும் எலெக்ட்ரீஷியனை வைத்து பீரோவுக்கு வெளியே மாற்றினேன். அவர்தான் பீரோவின் உடம்புக்கு எர்த் கொடுக்காமல் வேலையை முடிக்க மாட்டேன் என்று நின்றார். தண்ணீரும் மின்சாரமும் இருக்கும் இரும்புப் பெட்டி. இதை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

ஃபேனால் பீரோவை அறையைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. மும்பை மே மாதத்தில் பகல் 33, 34 என்றால் உள்ளே அதற்கு மேல்தான். அதனால் விளக்கின் நேரத்தை மாற்றினேன். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை வெளிச்சம், பகலில் இருட்டு. கொடிக்கு எது பகல் என்பதை டைமர்தான் தீர்மானிக்கிறது. நிழல் கொடிக்கு 100 வாட் அதிகம் என்று 60க்கும் இறக்கினேன். விளக்கு எரியும் நேரத்தில் வெப்பம் 33ஐத் தாண்டவில்லை. புது இலை விட்டது.

ஜூலையில் இலையில் கரும்புள்ளி விழுந்தது. இரண்டு இலை காம்போடு அழுகி உதிர்ந்தன. வெப்பமானியில் ஒரு குறையும் இல்லை. அம்மா பீரோவைத் திறந்து உள்சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். கை நனைந்தது.

“ஏண்டி, விளக்கு அணைஞ்சா காத்தையும் அணைச்சுடுறியா? கொடிக்கால்ல நாலு பக்கமும் கீத்துத் தட்டி கட்டியிருக்கும். ஆனா இலை எப்பவும் லேசா ஆடிட்டே இருக்கும். காத்து நின்னா அழுகல் வந்துடும்.”

ஃபேனையும் விளக்கையும் ஒரே டைமரில் கோத்திருந்தேன். 32 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 28க்கு இறங்கினாலே நீர்த்துளி கட்டும். விளக்கு அணைந்து தகடு குளிர்ந்ததும் அதுதான் நடந்திருக்கிறது. செடியும் மண்ணும் விடும் ஈரம் வேறு. மழைக்காலத்தில் மும்பைக் காற்றைக் கொண்டு ஈரத்தைப் பெரிதாகக் குறைக்க முடியாது. இலைமேல் அது தங்காமல் பார்த்துக்கொள்ளலாம். இழுக்கும் ஃபேனை 24 மணி நேரமும் ஓடவிட்டேன். இரண்டாவது ஃபேனை உள்ளே சுவரைப் பார்த்துத் திருப்பி, இலை நடுங்கும் அளவுக்கு மட்டும் வேகம் வைத்தேன். நேராக இலைமேல் ஊதினால் ஓரம் காய்கிறது. தகடு அதிராமலிருக்க ஃபேனுக்கடியில் சைக்கிள் டியூப் துண்டு. கொசுவலையில் தூசி படிந்தால் காற்று பாதியாகிவிடுவதால் ஞாயிறு விட்டு ஞாயிறு கழுவுகிறேன். எல்லாம் சேர்ந்து மாதம் 25 யூனிட்டுக்குள் முடிகிறது.

கரும்புள்ளி மறுபடி வரவில்லை. செப்டம்பரில் அம்மா முதல் இலைகளைக் கிள்ளினார். மென்று பார்த்துவிட்டு, இலை பதமாக இருக்கிறது, காரம்தான் பத்தவில்லை என்றார். வெளிச்சம் கொஞ்சம் கூடினால் காரம் ஏறலாம் என்று அவர் நினைக்கிறார். விளக்கை ஒரு சாண் இறக்கியிருக்கிறேன். நுனிப் பக்கம் ஒரு டிகிரி ஏறியிருக்கிறது. அக்டோபர் வெயில் வருவதற்குள் கீழ்த்திறப்பை இன்னும் பெரிதாக வெட்ட வேண்டும்.